உறைந்த குளத்தில் ஒரு தூண்டில்

அறநூல்கள் உயிர்க்கொலைக்குக் காரணங்களாகச் சினம், பகை, பசி, பேராசை ஆகியவற்றை எடுத்துக்காட்டுவதை நாம் அறிவோம். இவற்றோடு சேர்த்து எண்ண வேண்டிய காரணம் மற்றொன்றும் உண்டு. பொழுது போக வேண்டும் என்பதே அது. பகையால் கொல்பவன் பின்னர் ஒருநாள் வருந்துதல் கூடும். பசியால் கொல்பவன் வயிறு நிறைந்ததும் நிறுத்திவிடுவான். பொழுதுபோக்காகக் கொல்பவனுக்கோ தான் ஓர் உயிரை வருத்துகிறோம் என்ற நினைவே எழுவதில்லை. ஆகவே, வருந்துவதற்கும் நிறுத்துவதற்கும் அவனுக்குக் காரணம் கிட்டுவதில்லை.

"பொழுதைப் போக்குவதற்காக ஓர் உயிரைத் துன்புறுத்தலாமா?" என்று வெளிப்படையாகக் கேட்டால், சமணர் மட்டுமன்றி எச்சமயத்தவரும் "கூடாது" என்றே விடை பகர்வர். ஆனால் வாழ்க்கையில் இவ்வினா இத்துணை வெளிப்படையாக வந்து நிற்பதில்லை. அது நட்பின் உருவில் வருகிறது. இயற்கை அழகின் உருவில் வருகிறது. பொறுமை, அமைதி முதலிய நற்பண்புகளின் துணையோடும் வருகிறது. அப்போதுதான் விடை காண்பது அரிதாகிறது. குளிர்நாடுகளில் குளங்களும் ஏரிகளும் உறைந்து கிடக்கும் காலத்தில், பனிக்கட்டியைத் துளைத்துத் தூண்டிலிட்டு மீன் பிடிக்கும் வழக்கத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இவ்வினாவை இங்குச் சிந்திக்க விழைகிறோம்.

திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம் முதலிய மாவட்டங்களின் சிற்றூர்களில் வாழ்ந்து பழகிய நமக்கும் உறைந்த குளத்துக்கும் என்ன தொடர்பு என்று வாசக அன்பர்கள் வினவலாம். நம் மக்களும் பெயரர்களும் பலர் இன்று அத்தகைய நாடுகளில் வாழ்கின்றனர். அங்கே அவர்கள் எதிர்கொள்ளும் வினாக்கள் கடிதம் வழியாகவும் தொலைபேசி வழியாகவும் நம் இல்லங்களுக்கு வந்து சேர்கின்றன. எமக்கு இவ்வினா நேரிலேயே வந்து சேர்ந்தது.

நீர் கற்பிக்கும் பாடம்

2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்க நாட்டின் மின்னசோட்டா மாநிலத்தில் வாழும் எம் மகள் இல்லத்தில் இரு திங்கள் தங்கியிருந்தோம். பதினாயிரம் ஏரிகளின் நாடு என்று தன்னை அழைத்துக்கொள்ளும் மாநிலம் அது. குளிர்காலத்தில் அந்த ஏரிகளும் குளங்களும் பல திங்கள் பனிக்கட்டியால் மூடப்பட்டுக் கிடக்கும். மகள் வீட்டிற்குப் பின்புறம், நம் ஊர்த் தாமரைக்குளம் அளவுள்ள ஒரு நீர்நிலை இருந்தது. அதன்மீது மனிதர் நடந்து செல்வதைக் கண்டபோது, நீர்மேல் நடந்த சித்தர்களின் கதைகளே நினைவுக்கு வந்தன.

யாம் ஆசிரியைப் பணியில் இருந்த காலத்தில், நீர் 4 டிகிரி செல்சியசு வெப்பநிலையில்தான் மிகுந்த அடர்த்தி உடையது என்னும் பாடத்தை ஆண்டுதோறும் நடத்தியதுண்டு. குளிரக் குளிரச் சுருங்கும் நீர், 4 டிகிரிக்குக் கீழே மீண்டும் விரிவடையத் தொடங்குகிறது. ஆதலால் மிகவும் குளிர்ந்த நீர் மேலே தங்கி உறைகிறது. உறைந்த பனிக்கட்டி நீரினும் எடை குறைந்ததாகையால் மிதக்கிறது. அடியில் ஏறத்தாழ 4 டிகிரி வெப்பமுள்ள நீர் தங்கிவிடுகிறது. அங்கே மீன்கள் உயிர் வாழ்கின்றன. கரும்பலகையில் இதனை வரைந்து காட்டியபோதெல்லாம், குளம் உறைவதை ஒருநாளும் கண்டிராத நம் மாணவர்கள் வியப்போடு கேட்டனர். இயற்கை நீரினை இவ்வாறு அமைத்திராவிடின் குளத்தின் அடிமுதல் மேல்வரை அனைத்தும் உறைந்து, அங்குள்ள உயிர்கள் பெரும்பாலும் மாண்டிருக்கும்.

மேலே மூடிய பனிக்கட்டி கீழுள்ள உயிர்களுக்குப் போர்வையாக நிற்கிறது. மீன்கள் தம் உடல் வெப்பத்தைத் தாமே காத்துக்கொள்ளும் ஆற்றல் அற்றவை. நீர் குளிரும்போது அவற்றின் உடலியக்கமும் தளர்கிறது. அவை குறைவாக உண்டு, குறைவாக அசைந்து, வேனில் வரும்வரை காலத்தைக் கழிக்கின்றன. பனிக்கட்டியின்மேல் வெண்பனி மிகுதியாகப் படிந்து ஒளி புகாமற் போனால், நீர்த்தாவரங்கள் உயிர்வளியை உண்டாக்க இயலாது. அந்நிலையில் ஆழமற்ற குளங்களில் மீன்கள் கூட்டமாக மடிவதும் உண்டு. ஆகவே அவற்றுக்குக் குளிர்காலம் என்பது இயல்பாகவே இடுக்கண் நிறைந்த காலம். அக்காலத்தில்தான் மேலிருந்து தூண்டில் இறங்குகிறது.

பனிமேல் ஒரு பிற்பகல்

இவ்வழக்கம் நடைபெறும் முறையைச் சுருக்கமாகக் கூறுவோம். பனிக்கட்டி குறைந்தது 4 அங்குலமாவது தடித்திருந்தால்தான் ஒருவர் அதன்மேல் நடக்கலாம் என்று அரசினர் அறிவுறுத்துகின்றனர். அது நன்கு தடித்தபின் மகிழுந்துகளையே அதன்மேல் ஓட்டிச் செல்கின்றனர். தச்சரின் துளைக்கருவியைப் பெரிதாக்கினாற்போன்ற ஒரு திருகுக் கருவியால் பனியைக் குடைந்து, ஒரு சாண் அகலமுள்ள துளை இடுகின்றனர். துளையில் மிதக்கும் பனித்துகளைத் துளையுள்ள கரண்டியால் அள்ளி எறிகின்றனர். குட்டையான தூண்டிற்கோலைக் கையிற்பிடித்து அமர்வது ஒருமுறை. மற்றொரு முறையில், துளையின்மேல் ஒரு சட்டத்தைப் பொருத்தி, அதில் ஒரு சிறு கொடியை வளைத்து மாட்டி வைப்பர். கீழே மீன் இரையைப் பற்றி இழுத்தவுடன் கொடி விடுபட்டு நிமிர்ந்து எழும். இரையாகப் பெரும்பாலும் உயிருள்ள சிறு மீனையே முதுகில் முள் குத்திக் கோத்து இறக்குகின்றனர். அம்மாநிலத்தில் கோடையில் ஒருவர் ஒரு தூண்டிலே இடலாம். பனிக்காலத்தில் இரண்டு இடுவதற்கு விதி இடந்தருகிறது.

மகளின் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் வாழ்ந்து வந்தார். எம் வயதினர்; பணி ஓய்வு பெற்றவர்; மனைவியை இழந்தவர். வெண்பனி பெய்த காலைகளில் தம் வாயிற்பாதையைத் துப்புரவு செய்தபின், எவரும் கேளாமலே எம் மகளின் வாயிற்பாதையையும் துப்புரவு செய்துவிட்டுப் போவார். அவரே ஒரு ஞாயிற்றுக்கிழமை எம் பெயரனைக் குளத்திற்கு அழைத்தார். அவனுக்கு அப்போது பதின்மூன்று வயது. தூண்டிலைத் தொடக்கூடாது என்ற உறுதியோடு மகள் அவனை அனுப்பினாள். யாமும் கம்பளி உடைகளைப் போர்த்துக்கொண்டு கரையோரம்வரை சென்றோம்.

அங்குக் கண்ட நன்மைகளை மறைத்தல் நேர்மையாகாது. அத்தகைய அமைதியை யாம் வேறெங்கும் கண்டதில்லை. பறவையொலி இல்லை, நீரோசை இல்லை. எப்போதாவது பனிக்கட்டி விரிவடையும்போது ஆழத்திலிருந்து முழவு அதிர்வது போன்ற ஓர் ஓசை எழும். கவிழ்த்த வாளிகளின்மேல் நால்வர் அமர்ந்திருந்தனர். ஒருவர் கையிலும் தொலைபேசி இல்லை. ஒருவர் பேசினால் மற்றவர் செவிமடுத்தனர். எவரும் பேசாவிடினும் எவருக்கும் குறையில்லை. மூன்று மணிநேரம் இவ்வாறு கழிந்தது. "மீன் கிடைக்காத நாளும் எனக்கு நல்ல நாளே, இந்த அமைதிக்காகத்தான் வருகிறேன்" என்று அப்பெரியவர் சொன்னதை எம் பெயரன் எமக்கு மொழிபெயர்த்துக் கூறினான்.

இஃது அவர் ஒருவருடைய கருத்தன்று. ஐசக் வால்டன் என்னும் ஆங்கிலேயர் 1653ஆம் ஆண்டில் தூண்டிற்கலையைப் பற்றி வெளியிட்ட புகழ்பெற்ற நூலின் துணைத்தலைப்பே, அது சிந்தனையாளனின் பொழுதுபோக்கு என்னும் பொருள்படுவதாகும். பொறுமையும் அமைதியும் இயற்கையோடு இயைந்த நோக்கும் தூண்டிலின் பயன்கள் என்று மூன்றரை நூற்றாண்டுகளுக்கு மேலாகக் கூறப்பட்டு வருகிறது.

கொடி எழுந்தபோது

பிற்பகல் முதிர்ந்து ஒளி மங்கும் வேளையில், சற்றுத் தொலைவிலிருந்த துளையின்மேல் கொடி எழுந்தது. "கொடி!" என்று ஒருவர் கூவினார். நால்வரும் எழுந்து ஓடினர். அவர்கள் எல்லோருக்கும் முன்னதாக எம் பெயரன் ஓடினான். கயிற்றைக் கையால் இழுத்து இழுத்து, ஒரு முழத்திற்குச் சற்றுக் குறைந்த மீன் ஒன்றை மேலே எடுத்தனர். அது பனியின்மேல் விழுந்து துள்ளியது. உறைநிலைக்கும் மிகக் கீழான அக்காற்றில் அதன் ஈரம் சிறிது நேரத்தில் உறையத் தொடங்கியது. துள்ளல் குறைந்தது, செவுள் மட்டும் திறந்து மூடியது.

அன்றிரவு உணவுக்குப்பின் அவன் எம்மருகில் வந்து அமர்ந்து கேட்டான்: "பாட்டி, நான் தூண்டிலைத் தொடவேயில்லை. கொடி எழுந்ததும் என் கால்கள் தாமாகவே ஓடிவிட்டன. மீனைப் பார்த்தபோதுதான் எனக்கு என்னவோபோல் ஆயிற்று. ஓடியதும் பாவமா? இனி நான் அங்குப் போகலாமா, கூடாதா?"

முப்பது ஆண்டுகளுக்கு மேல் மாணவர் வினாக்களைக் கேட்டுப் பழகிய எமக்கு, இவ்வினாவின் எடை உடனே விளங்கிற்று. "போகாதே" என்று ஒரு சொல்லால் முடித்துவிடலாம். அவ்வாறு முடித்தால், அந்நாட்டில் அவனிடம் அன்பு காட்டும் ஒரு முதியவரின் துணையை அவன் இழப்பான். "போகலாம்" என்று கூறினாலோ, நம் அறத்தின் வேரில் கைவைத்தவர் ஆவோம். எனவே ஒருநாள் அவகாசம் கேட்டுக்கொண்டு, நம் முன்னோர் வகுத்த நெறியின்படி இதனை ஆராய முற்பட்டோம்.

பயனற்ற தீங்கு

இல்லறத்தார் செய்ய நேரும் ஹிம்சையை நம் ஆசிரியர்கள் நான்காகப் பகுத்துள்ளனர். சமையல், துப்புரவு முதலிய இல்லக் காரியங்களில் நேர்வது ஆரம்ப ஹிம்சை. உழவு முதலிய தொழில்களில் நேர்வது உத்தியோக ஹிம்சை. தற்காப்பில் நேர்வது விரோத ஹிம்சை. வேண்டுமென்றே கருதிச் செய்வது சங்கல்ப ஹிம்சை. முதல் மூன்றும் இல்லறத்தாரால் முற்றிலும் நீக்க இயலாதவை, குறைத்துக்கொள்ளத் தக்கவை. நான்காவது, கொல்லாமை அணுவிரதம் பூண்டவர் எவரும் அறவே நீக்க வேண்டியது. கூரிய முள்ளில் உயிருள்ள இரையைக் கோத்து, மற்றோர் உயிர் வந்து பற்றுவதற்காகக் காத்திருக்கும் செயல் எவ்வகையைச் சார்ந்தது என்பதற்கு விளக்கம் வேண்டுவதில்லை.

எனினும் இதனினும் நுட்பமாக இவ்வினாவைத் தொடும் விரதம் ஒன்றுண்டு. குணவிரதங்கள் மூன்றனுள் ஒன்றாகிய அனர்த்ததண்ட விரதமே அது. பயன் ஏதுமின்றிப் பிற உயிர்களுக்குத் தீங்கு செய்வதினின்றும் விலகுதல் என்பது இதன் பொருள். சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்டகமும், அதனைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இதனைப் பேசுகின்றன. பாவத் தொழிலை அறிவுறுத்துதல், கொலைக்கருவிகளைக் கொடுத்தல், பிறர்க்குத் தீங்கு நினைத்தல், மனத்தைக் கெடுப்பனவற்றைக் கேட்டல், காரணமின்றி நிலம் நீர் முதலியவற்றைக் கிளறியும் மரஞ்செடிகளை வெட்டியும் திரிதல் என்று இது ஐவகைப்படும். தூண்டிலைப் பிறர் கையிற் கொடுப்பது இவற்றுள் இரண்டாவதில் அடங்கும். பனிக்கட்டியும் நீருடல் உயிர்களைச் சார்ந்ததே என்பது நம் கொள்கையாதலால், விளையாட்டிற்காகப் பனியைக் குடைவது ஐந்தாவதில் அடங்கும். பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடத்தக்க செயல்களுக்கென்றே ஒரு தனி விரதத்தை வகுத்துள்ள நம் முன்னோரின் நுண்ணறிவை எண்ணி வியக்கிறோம்.

மீன், நீரில் வாழும் ஐம்பொறி உயிர் என்பது நம் ஆகமக் கொள்கை. அதற்கு வலி உண்டா என்னும் ஐயம் மேலைநாட்டில் நெடுங்காலம் நிலவியது. 2003ஆம் ஆண்டில் இலின் சினெடன் என்னும் அறிவியலாரும் அவருடன் பணியாற்றியோரும் திரௌட்டு என்னும் மீனின் தலைப்பகுதியில், துன்பந்தரும் தூண்டல்களை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் கண்டறிந்து வெளியிட்டனர். உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் உதட்டைச் சரளைக்கற்களில் தேய்த்தன. நெடுநேரம் உணவு கொள்ளவில்லை. மூளையின் அமைப்பைக் காரணங்காட்டி இம்முடிவை மறுக்கும் அறிவியலாரும் உளர். ஆயினும் பிரித்தானிய நாடு 2022ஆம் ஆண்டில் இயற்றிய விலங்கு நலச் சட்டம், முதுகெலும்புள்ள விலங்குகள் அனைத்தையும் உணர்வுடையனவாக ஏற்கிறது. மீனும் அதனுள் அடங்கும். ஆய்வகம் இன்று தயங்கித் தயங்கி வந்து சேரும் இடத்தில் நம் ஆசாரியர்கள் பன்னெடுங்காலத்திற்கு முன்பே நின்றனர்.

சொல்லப்படும் சமாதானங்கள்

இவ்வழக்கத்திற்கு ஆதரவாகக் கூறப்படுவனவற்றையும் நடுநிலையோடு நோக்க வேண்டும்.

"பிடித்த மீனை உண்கிறோம்; வீணாக்குவதில்லை" என்பது முதலாவது. வட துருவத்தை ஒட்டிய பகுதிகளில் வாழ்ந்த இன்யூட் முதலிய மக்களுக்குப் பயிர் விளையும் நிலமே இல்லை. பனியைத் துளைத்து மீன் பிடிக்காவிடில் அவர்தம் குழந்தைகள் பட்டினியால் மாண்டிருப்பர். அவர்களையும், வீட்டில் உணவு நிறைந்திருக்க வார இறுதியில் குளத்திற்குச் செல்வோரையும் ஒரே தராசில் நிறுத்தல் முறையன்று. தென்கொரியாவின் ஹ்வாச்சோன் என்னும் ஊரில் 2003ஆம் ஆண்டு தொடங்கிய பனிமீன் விழாவிற்கு ஒரே பருவத்தில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வருவதுண்டு. பண்ணைகளில் வளர்த்த மீன்களைக் கொணர்ந்து உறைந்த ஆற்றில் விட்டு, அவற்றையே பிடித்து மகிழ்கின்றனர். உணவுதான் நோக்கமெனில், பண்ணையிலிருந்து மீனை ஆற்றிற்குக் கொண்டு செல்ல வேண்டிய தேவை என்ன? பசியின் பெயரால் இங்கே வேறொன்று உணவு பெறுகிறது.

"பிடித்த மீனை மீண்டும் நீரிலேயே விட்டுவிடுகிறோம்" என்பது இரண்டாவது. ஆழத்திலிருந்து விரைந்து மேலே இழுக்கப்படும் மீனின் உடலினுள் உள்ள காற்றுப்பை விரிந்துவிடுவதால், விடுவிக்கப்பட்ட பின்னரும் அது இறக்கக்கூடும். இறவாது பிழைத்ததென்றே கொள்வோம். அப்போதும், ஓர் உயிரின் உயிர்ப்போராட்டமே அங்கு விளையாட்டுப் பொருளாயிற்று அன்றோ? யசோதர காவியத்தில் அரசன் பலியிட்டது மாவினாற் செய்த கோழியை. அங்கு ஓர் உயிரும் போகவில்லை. எனினும் அக்கருத்தின் வினைப்பயனாக அவன் பற்பல விலங்குப் பிறவிகளில் உழன்றான். அவற்றுள் மீன் பிறவியும் ஒன்று. உயிர் போயிற்றா என்பதோடு, உள்ளம் எதை நாடிற்று என்பதையும் சேர்த்தே நம் அறம் வினவுகிறது.

"இதனால் அறப்பணி நடைபெறுகிறது" என்பது மூன்றாவது. மின்னசோட்டாவின் பிரெயினர்டு என்னும் ஊரையடுத்த ஏரியில் 1990களின் தொடக்கத்திலிருந்து நடத்தப்பட்டு வரும் பெரும்போட்டியில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் தூண்டிலிடுகின்றனர்; வருவாய் தொண்டு நிறுவனங்களுக்குச் செல்கிறது. ஈகை நன்றே. எனினும், அம்மக்கள் அதே பனியின்மேல் கூடி, அதே பொருளை, தூண்டில் இன்றியே ஈந்திருக்கலாம் அன்றோ?

தூண்டிலை நீக்கிப் பார்த்தால்

இந்த இடத்தில்தான் அப்பெரியவரின் சொற்கள் எமக்குத் துணை செய்தன. மீன் கிடைக்காத நாளும் நல்ல நாளே என்றார் அவர். அவ்வாறாயின், அந்நாளை நல்ல நாளாக்கியது மீன் அன்று; தூண்டிலும் அன்று. அமைதியும், தோழமையும், திறந்த வானமுமே அதனை நல்ல நாளாக்கின. அவை அனைத்தும் தூண்டிலை நீக்கிய பின்னரும் அக்குளத்தில் குறைவின்றி நிற்கும்.

பிறகு தூண்டில் எதற்கு? எமக்குத் தோன்றியதைக் கூறுகிறோம். மனிதன் வாளா அமர்ந்திருக்க அஞ்சுகிறான். "உறைந்த குளத்தின்மேல் மூன்று மணிநேரம் சும்மா அமர்ந்திருந்தேன்" என்று ஒருவன் கூறினால் உலகம் அவனை நகைக்கும். "மீன் பிடிக்கச் சென்றேன்" என்றால் எவரும் நகையார். ஆகவே தூண்டில் என்பது, அமைதியாய் அமர்ந்திருப்பதற்கு மனிதன் தேடிக்கொண்ட ஒரு சாக்கு. அமைதியை அனுபவிப்பவன் மனிதன். அச்சாக்கிற்கு விலை கொடுப்பதோ கீழே ஒடுங்கிக் கிடக்கும் மீன்.

நம் முன்னோர் இச்சாக்கு இன்றியே அமரக் கற்றுத் தந்தனர். சாமாயிகம் என்று அதற்குப் பெயரிட்டனர். ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம், எல்லா உயிர்களிடத்தும் சமநிலை பூண்டு, எதையும் பிடிக்கவும் எதையும் பெறவும் முயலாது அமர்தலே அது. குளத்தின் நடுவே வாளியின்மேல் மூன்று மணிநேரம் அமரும் ஆற்றலுடைய ஒருவர், சாமாயிகத்திற்குரிய உடற்பொறுமையை முன்னமே பெற்றுவிட்டார். அவர் கையிலுள்ள ஒன்றை மட்டும் கீழே வைக்க வேண்டும். ஆனால் கண்கள் கொடியையே நோக்கியிருக்கும்வரை அவர்தம் அமைதி காத்திருத்தலேயன்றிச் சமநிலை ஆகாது. கொக்கும் ஒரு காலில் அசையாது நிற்கிறது; அதனைத் தவம் என்பார் எவருமிலர்.

ஒருவேளை, தூண்டிலை நீக்கினால் அப்பிற்பகலில் தமக்கு ஒன்றுமே எஞ்சாது என்று ஒருவர் கூறுவாராயின், அவரும் ஓர் உண்மையை அறிந்துகொண்டவர் ஆகிறார். அவர் விரும்பியது அமைதியை அன்று. கயிற்றின் மறுமுனையில் ஓர் உயிர் துடிப்பதைக் கையால் உணரும் இன்பத்தையே. இன்பம் எங்கிருந்து வருகிறது என்று அறிவதே அதனினின்று விடுபடுவதற்கு முதற்படி.

சிறுவனுக்குக் கூறிய விடை

மறுநாள் பெயரனை அழைத்து எமக்குத் தெளிந்தவாறு கூறினோம். தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதை உவந்து உடன்படுதல் என்று வினை மூவகையால் வந்து சேரும். "நீ தூண்டிலைத் தொடவில்லை, ஆகவே முதலாவது உனக்கில்லை. பிடிக்கும்படி எவரையும் ஏவவில்லை. ஆகவே இரண்டாவதும் இல்லை. மூன்றாவதைத்தான் நீ வினவுகிறாய். கால்கள் ஓடியது சிறுவர்க்குரிய ஆர்வம். மீனைக் கண்டபோது உன் உள்ளம் நடுங்கிற்றே, அது உடன்படவில்லை என்பதற்கு அதுவே சான்று. ஆனால் கண்டபின் ஓடுவது வேறு. கொடி எழுவதன் பொருள் இப்போது உனக்குத் தெரியும். அடுத்தமுறை நீ ஓடினால், தெரிந்து ஓடுகிறாய்."

"அப்படியானால் போகலாமா?" என்றான்.

"அமைதிக்காகவும் அவருக்காகவும் போகலாம். துளையிட உதவாதே, இரையை எடுத்துக் கொடாதே, கொடிக்கு ஓடாதே. உன் கருத்து இன்னதென்று அவரிடம் மறைக்காமற் சொல். உடனிருத்தல் உடன்படுதல் ஆகாது. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லாத மௌனம் நாளடைவில் உடன்பாடாகிவிடும். போவதால் உன் உள்ளம் மரத்துப் போகிறதென்று தோன்றும் நாளில் நின்றுவிடு."

இவ்விடை மிகவும் இளகியது என்று நம் அன்பர்களுள் சிலர் கருதலாம். அவர்களுக்கு மிருகசேனன் கதையை நினைவூட்டுகிறோம். அவன் மீன் பிடித்துப் பிழைத்த வலைஞன். அவனைக் கண்ட முனிவர் இகழ்ந்து விலகிச் செல்லவில்லை. நாள்தோறும் வலையில் முதலில் அகப்படும் மீனை உயிரோடு விட்டுவிடுமாறு ஒரு சிறு விரதத்தையே அளித்தார். அன்று அவன் அடையாளமிட்டு விடுத்த அதே மீன் ஐந்துமுறை அவன் வலையில் அகப்பட்டது. ஐந்துமுறையும் அவன் அதனை விடுத்து, வெறுங்கையோடு வீடு திரும்பினான். அதன் பயனாக மறுபிறவியில் ஐந்து இடர்களினின்றும் தப்பினான் என்கிறது அக்கதை. ஒரு மீனுக்குக் காட்டிய இரக்கம் இத்துணைப் பயன் தருமாயின், வலைஞன்மீது முனிவர் காட்டிய இரக்கத்தையும் நாம் மறத்தலாகாது. மீனுக்கு இரங்கி மனிதனை வெறுப்பவன், ஹிம்சையை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு மாற்றியவனே ஆவான்.

பெயரன் பெரியவரிடம் தானே சென்று கூறினான். அவர் சற்று நேரம் எண்ணிப் பார்த்து, "நல்லது, இனித் தேநீர்க் குடுவை உன் பொறுப்பு" என்றாராம். அவர் தூண்டிலைக் கைவிட்டார் என்று எழுத எமக்கும் விருப்பமே. ஆனால் அது நிகழவில்லை. அக்குளிர்காலம் முழுவதும் அவர் மீன் பிடித்தார். அவன் தேநீர் ஊற்றினான். யாம் ஊர் திரும்பியபின் அவன் தொலைபேசியில் ஒருமுறை கூறினான்: "பாட்டி, குளிரைப் பொறுப்பது எளிது. கொடி எழும்போது எல்லோரும் ஓட, நான் மட்டும் அமர்ந்திருப்பதுதான் கடினம்." விரதம் என்பதன் பொருளை இதனினும் தெளிவாக எம் மாணவர் எவரும் எமக்கு எடுத்துரைத்ததில்லை.

நம் இல்லங்களில்

உறைந்த குளம் நமக்குத் தொலைவில் உள்ளது. தூண்டிலும் நம் கையில் இல்லை. ஆதலால் இவ்வறம் நமக்கு எளிதென்று எண்ணிவிடலாகாது. பேசிக்கொண்டே செடியின் தளிரைக் கிள்ளி எறிகிறோம். குழாயைத் திறந்துவிட்டு உரையாடிக்கொண்டு நிற்கிறோம். கூடத்து அழகிற்காகக் கண்ணாடித் தொட்டியில் மீன்களை அடைத்து வைக்கிறோம். மாஞ்சாக் கயிற்றில் பட்டம் விட்டுப் பறவையின் சிறகை அறுக்கிறோம். நான்கு பேர் கூடியிருக்க ஒரு சாக்கு வேண்டுமென்று, அங்கு இல்லாத ஐந்தாமவரைப் பற்றிப் புறங்கூறுகிறோம். அதுவும் ஒருவகைத் தூண்டிலே; நம் தோழமைக்கு அங்கே மற்றொருவர் விலை கொடுக்கிறார்.

ஆகவே, நமக்கு மகிழ்ச்சி தரும் ஒவ்வொரு பொழுதுபோக்கையும் எடுத்து, அதில் பிறர்க்குத் துன்பந்தரும் பகுதியை மட்டும் மனத்தால் நீக்கிப் பார்ப்போமாக. நீக்கிய பின்னும் மகிழ்ச்சி நிலைத்திருக்குமாயின், அத்துன்பம் தேவையற்றது. அதனை இன்றே விட்டுவிடலாம். மகிழ்ச்சியும் உடன் மறைந்துவிடுமாயின், நாம் இதுகாறும் சுவைத்து வந்தது எதனை என்று தனித்திருந்து எண்ணிப் பார்ப்போமாக. அவ்வாறு எண்ணுவதற்கு நாள்தோறும் 48 நிமிடம் போதும்.